‘ஆம்’ சொல்லச் சொன்னவர்களுக்கு

தமிழ்க் கிறிஸ்தவத்தில் ஒரே சடங்குக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கத்தோலிக்கர்கள் அதை உறுதிப்பூசுதல் என்கிறார்கள். ஆங்கிலிக்கன் மரபையும் பேராயர் தலைமையையும் ஏற்றுக்கொண்ட எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் அதற்குத் திடப்படுத்தல் என்று பேர். தமிழ் கற்பிப்பவள் என்பதால் எனக்கு இந்தச் சொல்லின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. திடம் என்றால் வலிமை, மனவுறுதி. காய்ச்சலில் விழுந்து எழுந்தவளை ‘இப்போ திடமா இருக்காளா?’ என்று எங்கள் ஊரில் விசாரிப்பார்கள். துக்க வீட்டில் ‘மனசைத் திடப்படுத்திக்கோ’ என்பார்கள். ஆக, திடப்படுத்தல் என்பது ஓர் ஆளைத் தன் காலில் நிற்க வைக்கிற வேலை. நான் பார்த்த சபைகள் பெண்பிள்ளைகளிடம் இந்த வேலையைச் செய்யவில்லை. திடப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்களைப் பணியப் பழக்குகின்றன. என் குற்றச்சாட்டு இதுதான்.

சபைக்கு வெளியே இருக்கும் தோழிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பேச்சு வராத பிள்ளைக்காக ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுப்பார்கள். பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகும்போது சில மாதங்கள் வகுப்பு நடக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருவார். உனக்காக அன்று மற்றவர்கள் சொன்னதை இன்று நீயே உன் வாயால் சொல்கிறாயா என்று கேட்பார். ‘ஆம்’ என்று சொல்லி முழங்கால்படியிட வேண்டும். அவர் தலைமேல் கை வைத்து, தூய ஆவியானவர் இந்தப் பிள்ளையைப் பலப்படுத்த வேண்டும் என்று ஜெபிப்பார். பிறகு முதல் திருவிருந்து. அதிலிருந்து அந்தப் பிள்ளை சபையின் முழு உறுப்பினர்.

நியாயமான ஏற்பாடுதான். ஒரு பெண்பிள்ளைக்கு அது அபூர்வமும்கூட. அவளுக்குப் பேர் வைக்கும்போது யாரும் அவளைக் கேட்பதில்லை. எந்தப் பள்ளி, எந்த குரூப், எதுவரை படிப்பு என்று கேட்பதில்லை. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சம்மதமா என்று கேட்பார்கள். அதற்குள் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, மண்டபத்துக்குப் பணம் கட்டி, பந்திக்கு இலையும் வந்து இறங்கியிருக்கும். திடப்படுத்தலில் மட்டும்தான் பொது இடத்தில், பையன்களோடு ஒரே வரிசையில், அவர்களிடம் கேட்ட அதே கேள்வி அவளிடமும் கேட்கப்படுகிறது. அதே கை அவள் தலையிலும் வைக்கப்படுகிறது. ஆவியானவரில் ஆண் பங்கு, பெண் பங்கு என்று எந்த வழிபாட்டு ஒழுங்கும் பிரித்ததில்லை. அந்த ஒரு நிமிஷம் எங்கள் சபையில் சமத்துவம் இருக்கிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நடப்பவற்றின் மேல்தான் என் கோபம்.

முன்னால் நடப்பது வகுப்பு. கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், வினாவிடை எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். நான் படித்த சேகரத்தில் (பேர் வேண்டாம்) கடைசி இரண்டு வகுப்புகளுக்குப் பெண்பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தார்கள். பையன்களுக்கு ஐயர் சபை நிர்வாகம் சொல்லிக்கொடுத்தார்: சேகரக் கமிட்டி என்றால் என்ன, திருமண்டலப் பெருமன்றத்துக்கு யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள். எங்களுக்கு ஐயரம்மா சேலை கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, பூ கூடாது, குனியும்போது முந்தானை நழுவக் கூடாது. ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகத் தேதி விசாரித்தார்கள். அந்த ஞாயிறு தீட்டு வந்துவிடக் கூடாதாம். ஒருத்திக்குத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக்கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டதும், அவர் அவளை விரட்டாமல் ‘மகளே’ என்று அழைத்ததும் சுவிசேஷத்தில் இருக்கிறது. அந்தக் கதையை எங்களுக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாத்திரையையும் அதே சபைதான் கொடுத்தது.

இதற்கு ஒரு மூதாதை உண்டு. இங்கிலாந்து சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், பிள்ளையைப் பேராயரிடம் கொண்டுபோகும் முன் கற்பிக்க வேண்டிய வினாவிடை இருக்கிறது. ராஜா, அதிகாரிகள், ஆசிரியர்கள், குருமார், எஜமானர்கள், தன்னைவிட மேலானவர்கள் எல்லாருக்கும் தாழ்மையோடு அடங்கி நடப்பது அயலாருக்குச் செய்யும் கடமையில் சேர்த்தி என்று அது பிள்ளைகளுக்குக் கற்பித்தது. இங்கிலாந்தின் பண்ணையார்களுக்கு வசதியான பாடம். அது கப்பலேறி நம் ஊருக்கு வந்தபோது, சாதியும் ஆண் அதிகாரமும் கரையில் காத்திருந்தன. ‘தன்னைவிட மேலானவர்கள்’ யார் என்று நம் ஊருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

என்னோடு வகுப்பில் இருந்த ஒருத்தி ஐயரிடம் ஒரு கேள்வி கேட்டாள். சபையில் பெண்கள் பேசக் கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே, அப்படியானால் பிலிப்புவின் மகள்கள் எப்படித் தீர்க்கதரிசனம் சொன்னார்கள்? ஐயர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அதெல்லாம் பரீட்சையில வராது.”

வர வேண்டிய கேள்வி அதுதான். திடப்படுத்தலுக்கு வேத ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம். சமாரியாவில் பிலிப்பு பிரசங்கிக்கிறார். ஆண்களும் பெண்களும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். பிறகு பேதுருவும் யோவானும் எருசலேமிலிருந்து வந்து கை வைக்கிறார்கள். அவர்கள் ஆவியைப் பெறுகிறார்கள். பேராயர் வந்து கை வைப்பதற்கு இதுதான் மாதிரி என்று விளக்குவார்கள். அதே பிலிப்பு இருபத்தோராம் அதிகாரத்தில் திரும்ப வருகிறார். இப்போது செசரியாவில் வீடும் குடும்பமுமாக இருக்கிறார். அவருக்கு நான்கு மகள்கள். நால்வரும் கல்யாணமாகாதவர்கள், நால்வரும் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள். வேதம் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. எட்டாம் அதிகாரத்தை வைத்துச் சடங்கு நடத்துகிறவர்கள் இருபத்தோராம் அதிகாரத்துக்கு மட்டும் ஏன் வர மறுக்கிறார்கள்? கை வைத்து ஆவியைக் கொடுத்தால் பெண்பிள்ளைகள் பேசுவார்கள். பேசுவதை விரும்பாதவர்கள் கை வைக்காமல் இருந்திருக்க வேண்டும்.

இனி பின்னால் நடப்பது. திடப்படுத்தல் பெற்றுத் திருவிருந்தில் பங்கெடுப்பவர்களுக்குத்தான், வயது வந்து காணிக்கையும் கட்டியபின், சபைத் தேர்தலில் ஓட்டு. ஏட்டில் இது இருபாலருக்கும் பொது. நடப்பில் அந்த ஒரே சான்றிதழ் பையனை ஒரு வாசலுக்கும் பெண்ணை வேறொரு வாசலுக்கும் கொண்டுபோகிறது. என் அண்ணன் மகன் வகுப்புக்குப் போகச் சோம்பியபோது அண்ணன் சொன்னது: “ஒழுங்கா எடுத்துருல. நாளைக்கிக் கமிட்டிக்கு நிக்கணும்லா?” இரண்டு வருஷம் கழித்து அவன் தங்கை என்னிடம் வந்தாள். “அத்தை, எனக்கு இன்னும் நெறைய சந்தேகம் இருக்கு. நான் இந்த வருஷம் எடுக்கலன்னா என்ன?” நான் வாயைத் திறக்குமுன் மதினி அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள்: “நாளைக்கிக் கல்யாணத்துக்கு ஐயர் சர்டிபிகேட் கேட்டா எங்க போய் நிப்ப?” ஒரே வீடு, ஒரே சபை, ஒரே சடங்கு. அவனுக்கு அது தேர்தல் தகுதி. அவளுக்குக் கல்யாணத் தகுதி. அவளுக்கு இருந்த சந்தேகம் என்ன என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னாள். விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரி இருக்கிறதாம். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் இந்த நேர்மையைவிடப் பெரிய ஆயத்தம் திடப்படுத்தலுக்கு என்ன வேண்டும்? அதைத்தான் அமுக்கினோம்.

சபை வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு வாசல் கணக்குதான். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துவது பெண்கள், தலைமை ஆண். பீடத்துணி துவைப்பது, பூ ஜோடிப்பது, பாடகர் குழுவை நிரப்புவது பெண்கள். அசனத்துக்கு முதல்நாள் விடிய விடிய உள்ளி உரிப்பதும் காய் வெட்டுவதும் பெண்கள். காலையில் மைக்கைப் பிடித்து நன்றி சொல்வது ஆண்கள், நன்றி சொல்லப்படுவதும் பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். பல இடங்களில் அதன் தலைவி சேகர குருவின் மனைவி. திருமண்டல அளவில் பேராயரின் மனைவி. புருஷனின் பதவியோடு வந்து, புருஷனின் இடமாற்றத்தோடு போகிற பதவி. பெண்களே கூடும் ஒரே சங்கத்திலும் பெண்கள் தங்கள் தலைவியைத் தேர்ந்தெடுப்பதில்லை என்றால், ‘முழு உறுப்பினர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இதையெல்லாம் மரபு என்று சொல்லி வாயடைக்கப் பார்ப்பவர்களுக்கு மரபையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டு சபையின் தொடக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். மராத்தியப் பிராமண விதவையான கிளாரிந்தா. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். அவர்கள் முறைப்படி மணக்கவில்லை என்பதால் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778இல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்ட அந்தப் பெண்தான் பாளையங்கோட்டையில் சபையைக் கூட்டியவர். 1785இல் அங்கே அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அவர் எழுப்பியது. சனங்கள் இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். மாதவையா 1915இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவலே எழுதினார். எங்கள் திடப்படுத்தல் வகுப்பில் அவர் பேர் ஒருமுறைகூட வரவில்லை. ஒழுக்கச் சான்றிதழ் இல்லாத ஒருத்தியின் விசுவாசத்திலிருந்து முளைத்த சபை, இன்று பதினைந்து வயதுப் பிள்ளையின் முந்தானையை அளந்துகொண்டிருக்கிறது.

உடை என்றதும் இன்னொன்று. தெற்குத் திருவிதாங்கூரில் மாரை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். அதன் முன்வரிசையில் நின்றவர்கள் கிறிஸ்தவப் பெண்கள். சந்தையிலும் தெருவிலும் அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. 1859இல் அரசு இறங்கிவந்து உத்தரவு போட்டது. லண்டன் மிஷன் வளர்த்த அந்தச் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பகுதி. என்ன உடுத்துவது என்பதைத் தாங்களே முடிவுசெய்வோம் என்று அடிவாங்கிய பெண்களின் பேத்திகள் நாங்கள். எங்களுக்கு எந்த அகலத்தில் முக்காடு வேண்டும் என்று ஆண்கள் கமிட்டி போட்டுத் தீர்மானிக்க வேண்டாம்.

வழக்கமான பதில்கள் எனக்குத் தெரியும். முதலாவது, ‘நம் சபையில் பெண்களுக்குக் குருப்பட்டமே கொடுத்தாயிற்றே.’ உண்மை. 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே ஒரு பெண்ணை ஆயராக்கியது. தாய்ச்சபையான இங்கிலாந்து சபைக்கு அது 1994இல்தான் முடிந்தது. 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா பேராயரானார். இதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் என் ஆச்சி தலையில் கை வைத்தவர் ஆண். என் அம்மா தலையிலும் என் தலையிலும் என் மருமகள் வரிசைப் பிள்ளைகள் தலையிலும் ஆண்கள் கைதான். மேலே ஒரு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால் அந்த அதிகாரம் தானாகக் கீழே ஒழுகி, சனிக்கிழமை மாலை வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடாது. கீழே பாடத்தை மாற்ற வேண்டும்.

இரண்டாவது பதில், ‘பெண்ணியமெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு.’ ஐயா, பேராயரின் கிரீடத்தொப்பியும் செங்கோலும் எந்த ஊர்ப் பட்டறையில் செய்தவை? கப்பலில் வந்த அங்கியை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, அதே கப்பலில் வந்த கேள்வியை மட்டும் கடலில் தள்ளச் சொல்லாதீர்கள். போகட்டும், கிளாரிந்தா எந்தக் கப்பலில் வந்தார்?

மூன்றாவது, புலம்பல்: ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் திடப்படுத்தல் முடிந்ததும் கோயில் பக்கமே வருவதில்லை; போனைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.’ என் வகுப்பறைகளில் இந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். சபையை விட்டுப்போன பெண்கள் யாரும் போன் கெடுத்துப் போனவர்கள் இல்லை. பேச ஓரிடம் கிடைத்ததும் போனவர்கள். பட்டிமன்றத்தில், கவிதை வாசிப்பில், மாணவர் தேர்தலில் அவர்கள் வாயைத் திறந்துபார்த்துவிட்டார்கள். அதன்பின் ‘ஆம்’ மட்டும் சொல்லும் இடத்துக்கு ஏன் திரும்ப வேண்டும்?

என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில், கல்யாணத்துக்கும் திடப்படுத்தலுக்கும் உள்ள முடிச்சை அவிழுங்கள். அமெரிக்காவின் எபிஸ்கோபல் திருச்சபை 1979ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் ஞானஸ்நானமே ஒருவரைச் சபையில் முழுமையாகச் சேர்க்கிறது என்று வரையறுத்தது. திருவிருந்துக்குத் திடப்படுத்தல் நுழைவுச்சீட்டு என்ற பழைய விதி அங்கே போயிற்று. ஒருவர் முதிர்ச்சியோடு, பலர் அறிய, தன் விசுவாசத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் சடங்காகத் திடப்படுத்தல் நின்றது. அந்த வாக்குறுதிகளில் ஒவ்வொரு மனிதரின் கண்ணியத்தையும் மதிப்பேன் என்பதும் ஒன்று. அங்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. பேராயர் தலைமையை விடாமலே இந்த மாற்றத்தைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. எதுவும் கைநழுவிப் போகாது என்று தெரிந்தால்தான் ஒரு பிள்ளை ‘இப்போ வேண்டாம்’ என்று சொல்ல முடியும். ‘இல்லை’ சொல்ல இடமில்லாத இடத்தில் சொல்லப்படும் ‘ஆம்’ எந்தக் கடவுளுக்கும் கௌரவம் சேர்க்காது.

அடுத்து, பாடத்தை மாற்றுங்கள். பெண்பிள்ளைகளையும் பையன்களையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்துங்கள். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்று வேதமே சொல்வதைச் சொல்லிக்கொடுங்கள். அதோடு, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பதையும் சொல்லுங்கள். திருவிதாங்கூர்ச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்று வைத்திருந்ததையும், மேரி ராய் என்ற ஒரு கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றம்வரை போய் 1986இல் அதை வீழ்த்தியதையும் சொல்லுங்கள். சட்டம் இருந்தும் தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை பிடிக்கிற அண்ணன்மார் நம் சபைகளில் இருக்கிறார்கள். ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தலைமேல் வைக்கும் கையைப் பற்றியும் பேசுங்கள். எந்தத் தொடுகை ஆசீர்வாதம், எது அத்துமீறல் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காத சபை அவள் தலையில் கை வைக்கத் தகுதியற்றது. மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் செய்யும் பாலியல் வன்முறையை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இன்னும் கடுமையான குற்றமாக வகைப்படுத்துகிறது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். ‘சபை மானம் போய்விடும்’ என்று பேசி முடிப்பதற்கு அங்கே இடமில்லை. 1098 என்ற எண் வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும்.

கடைசியாக, இந்த வருஷம் வரிசையில் நிற்கப்போகும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விசுவாசம் இருந்தால் ‘ஆம்’ சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் காத்திருங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. பிலிப்புவின் மகள்களைப் பற்றி வகுப்பில் கேளுங்கள். பரீட்சையில் வராது என்றால் மறுபடியும் கேளுங்கள். முடித்துவிட்டு வந்து சான்றிதழை அம்மாவின் பீரோவில் நகைப்பெட்டிக்குக் கீழே வைக்க விடாதீர்கள். உங்கள் சர்டிபிகேட் பைலில் வையுங்கள். வயது வந்ததும் சேகர அலுவலகத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். இருந்தால், அடுத்த தேர்தலில் வேட்புமனு எந்தத் தேதிவரை என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.